‘நீ’ன்னு கூப்பிடலாமா, ஃபாதர்?

கேள்வி: மதிப்புக்குரிய ஃபாதர், எனக்கு 41 வயது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறோம். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். சின்ன வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கிய நாளிலிருந்து காலை செபம், ராத்திரி செபமாலை விட்டதில்லை. என் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய், ஒன்பது மாதம் டயாலிசிஸ் செய்தோம். மாதாமாதம் 13-ஆம் தேதி கிருஷ்ணகிரி பாத்திமா மாதா கோவிலுக்குப் போய் அழுதேன். போன ஆவணியில் அவன் இறந்துவிட்டான். அதற்குப் பிறகு வாய் செபம் சொல்கிறது, மனசு எங்கேயோ இருக்கிறது. சரியாகட்டும் என்று இரண்டு நவநாள் செபம் கூடச் சேர்த்துக்கொண்டேன். ஒன்றும் மாறவில்லை. இந்தத் தவக்காலத்தில் தியானம் கொடுக்க வந்தவர், “இயேசுவை நண்பனாக்கிக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் பேசுங்கள், அவரும் பேசுவார்” என்றார். நாலு மணிக்கு உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறேன். ஒரு குரலும் கேட்கவில்லை. நண்பன் என்றால் இப்படிச் செய்வாரா என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் பாவமோ என்று பயமாகவும் இருக்கிறது. இன்னொன்று. நண்பன் என்றால் ‘நீ’ என்று கூப்பிடலாமா? எங்கள் வீட்டுக்காரரையே ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன்.
— ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடைசிக் கேள்வியை நீங்கள் ஏதோ கொசுறு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது.

நம் செபப் புத்தகத்தைப் பாருங்கள். அதில் ‘நீ’யும் கிடையாது, ‘நீங்க’ளும் கிடையாது. ‘நீர்’, ‘உம்மை’, ‘உமது’. திருநெல்வேலிப் பக்கம் போனால் ‘நீரு’ என்று பேசுகிற ஆட்களைப் பார்க்கலாம். பாலக்கோடு சந்தையில் யாராவது தக்காளிக்காரரிடம் ‘நீர் கிலோ என்ன விலைக்குத் தருவீர்’ என்று கேட்டால் அவர் தராசைக் கீழே வைத்துவிட்டு ஆளைத்தான் பார்ப்பார். நம் ஊரில் ‘நீர்’ என்பது கடவுளிடம் மட்டும் பேசுகிற மொழி. பீரோவில் மடித்து வைத்திருக்கும் கல்யாணப் பட்டு மாதிரி. அழகுதான், எல்லாரும் கூடி நிற்கும் பூசைக்கு அது வேண்டும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு மல்பெரி அறுக்கப் போக முடியாது. தம்பி போன துக்கத்தையும் ‘உம்’ போட்டுச் சொல்ல வராது.

இன்னொன்றைக் கவனியுங்கள். கையிலிருந்து குழந்தை நழுவினால் நம் பெண்கள் வாயில் என்ன வருகிறது? ‘ஏசுவே, காப்பாத்து!’ ‘காப்பாற்றும்’ என்று அந்த நேரத்தில் யாருக்கும் வருவதில்லை. உங்கள் தம்பி மூச்சு வாங்கிய ராத்திரியில் நீங்களும் ‘காப்பாத்து’ என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அப்படியானால் ‘நீ’ என்று ஏற்கெனவே கூப்பிட்டாயிற்று. என்னிடம் அனுமதி கேட்பதுதான் தாமதம்.

இந்த மண்ணுக்கு இது புதிதும் அல்ல. சிவனிடம் உரிமையோடு கேட்டும் சண்டை போட்டும் பாடிய சுந்தரருக்குச் சைவர்கள் ‘தம்பிரான் தோழர்’ என்றே பெயர் வைத்தார்கள். கடவுளிடம் தோழமை பாராட்டுவதைத் தமிழ்க் காது எப்போதோ கேட்டுப் பழகிவிட்டது. பைபிளிலும் ஆபிரகாமுக்குக் கடவுளின் நண்பர் என்று பெயர் உண்டு. மோசேயிடம் ஆண்டவர், ஒருவன் தன் நண்பனிடம் பேசுவதுபோல முகமுகமாய்ப் பேசினார் என்று பைபிளின் விடுதலைப் பயண நூல் சொல்கிறது.

‘நீ’ நாக்கில் ஒட்டவில்லை என்றால் ‘நீங்க’ என்றே பேசுங்கள். வீட்டுக்காரரை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுகிறீர்கள். அதனால் அவர் உங்களுக்கு அந்நியர் ஆகிவிட்டாரா? எந்த வார்த்தையில் கூப்பிடுகிறீர்கள் என்பதைவிட, எதைச் சொல்லாமல் மறைக்கிறீர்கள் என்பதுதான் தூரத்தை உண்டாக்கும். உங்கள் கடிதத்தில் அந்த மறைத்த விஷயம் இருக்கிறது: ‘நண்பன் என்றால் இப்படிச் செய்வாரா?’ இதை எனக்கு எழுதிவிட்டீர்கள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

யோவான் நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தை எடுங்கள். அதிலும் சகோதரிகள் இரண்டு பேர், மார்த்தாவும் மரியாவும்; ஒரு சகோதரன், இலாசர். சகோதரனுக்கு உடம்பு சரியில்லை என்று இயேசுவுக்கு ஆள் அனுப்புகிறார்கள். இயேசு இலாசரை ‘நம் நண்பன்’ என்றே சொல்கிறார். அப்படிச் சொல்கிறவர், செய்தி வந்த பிறகும் இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார். வந்து சேரும்போது இலாசரைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகிவிட்டது. மார்த்தா எழுந்து ஊருக்கு வெளியே போய் அவரை எதிர்கொள்கிறார். மரியா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். கோபமா, துக்கமா, யோவான் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும்தான். பிறகு வந்து காலில் விழுந்து ஒரே ஒரு வாக்கியம் சொல்கிறார்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான். சற்று முன் மார்த்தா சொன்னதும் இதே வாக்கியம்தான். நான்கு நாளாக அந்த வீட்டில் இரண்டு பேரும் இதைத்தான் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் போல.

அதற்கு இயேசு என்ன செய்தார்? ‘என்னிடம் இப்படிப் பேசலாமா’ என்று கேட்கவில்லை. ‘உன் விசுவாசம் போதவில்லை’ என்று சொல்லவில்லை. அழுதார்.

இந்த இடத்தில் நான் உங்களிடம் நேர்மையாக இருக்க வேண்டும். அவர்களுடைய சகோதரன் எழுந்து வந்தான். உங்கள் தம்பி வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. குருவாகி 22 வருஷத்தில் எத்தனையோ அடக்கத்துக்குப் போயிருக்கிறேன், அந்த ‘ஏன்’னுக்கு என்னிடம் ஒரு பதிலும் சேரவில்லை. ‘ஆண்டவருக்கு அவன் தேவைப்பட்டான்’, ‘இன்னும் உருக்கமாக செபித்திருக்கலாம்’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். கெத்சமனித் தோட்டத்தில் இந்தத் துன்பக் கிண்ணம் என்னை விட்டு விலகட்டும் என்று இயேசுவே கேட்டார், விலகவில்லை. அவர் உருக்கமாகக் கேட்கவில்லை என்று சொல்வோமா? உங்கள் கோபம் பாவம் அல்ல. முறித்துக்கொண்டு போகிறவள் யாரும் கோபத்தை இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்க மாட்டாள்.

நம் ஊர்க்காரி ஒருத்தியைச் சொல்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் பஸ் ஏறினால் அதியமான்கோட்டை வருகிறதே, அந்த அதியமானின் தோழி ஔவையார். நெல்லிக்கனி கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது புறநானூற்றில் 101-ஆம் பாட்டு. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பல நாள் தொடர்ந்து, பல பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும், முதல் நாள் போனபோது இருந்த அதே பிரியத்தோடு வரவேற்பான் என்கிறார் அவனை. பரிசு தருவதற்கு நாள் ஆனாலும் ஆகாவிட்டாலும், யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்துக்கொண்ட சோற்றுக் கவளம் போல அது கைக்கு வந்த மாதிரிதான், நெஞ்சே வருந்தாதே என்கிறார்.

இதே ஔவையார்தான் 206-ஆம் பாட்டில் அதே அதியமான் பரிசு தரத் தாமதித்தபோது வாசல் காவலனைப் பிடித்து உலுக்குகிறார். உன் அரசனுக்குத் தன்னைத் தெரியாதா, என்னைத் தெரியாதா? எந்தத் திசைக்குப் போனாலும் அந்தத் திசையில் எங்களுக்குச் சோறு உண்டு என்று மூட்டையைக் கட்டுகிறார். அந்தப் பொறுமையும் இந்தக் கோபமும் ஒரே பெண்ணுடையவை, ஒரே நட்புக்குள் இருந்தவை. வாசலுக்கே போகாத ஆளுக்குக் கோபித்துக்கொள்ள வாசல் ஏது? செபத்தைப் பற்றி நான் படித்த பல புத்தகங்களைவிட இந்த இரண்டு பாட்டும் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. குருமடத்தில் இதைச் சொன்னால் என் பழைய பேராசிரியர் சிரிப்பார்.

இனி நாலு மணி விவகாரம்.

தியானம் கொடுத்தவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். அவருக்கு அது ஒத்துவந்திருக்கும். ஆனால் கடைசித் தோலுரிப்பு முடிந்து புழு அகோரப் பசியில் இருக்கும் அந்த ஒரு வாரம் நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரியாது. இலை அறுத்து, கட்டித் தூக்கி, அடுக்குக்கு அடுக்கு பரப்பி, ராத்திரித் தீனியும் போட்டுவிட்டுப் படுக்கிற உடம்பை விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி உட்கார வைத்தால் அது தூங்கத்தான் செய்யும். தூங்கியதற்காகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்யத் தேவையில்லை. “ஒரு மணி நேரம்கூட என்னோடு விழித்திருக்க முடியவில்லையா” என்று சீடர்களைக் கேட்ட இயேசு, அடுத்த மூச்சில் “உள்ளத்துக்கு ஆசை இருக்கிறது, உடம்புக்குத்தான் வலுவில்லை” என்று அவர்களுக்காக அவரே சமாதானமும் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி சாப்பாட்டின்போதுதான் “இனி உங்களைப் பணியாளர் என்று சொல்ல மாட்டேன், நண்பர்கள் என்றேன்” என்று அவர்களிடம் சொல்லியிருந்தார். தூங்கப் போகிறவர்கள், ஓடிப்போகப் போகிறவர்கள் என்று தெரிந்தே சொன்ன வார்த்தை அது.

செபம் என்பது நம்மை நேசிக்கிறார் என்று நமக்குத் தெரிந்த ஒருவரோடு அடிக்கடி தனியாக இருந்து நட்போடு பேசுவது என்று சொன்னவர் புனித அவிலா தெரேசா. 1515-இல் பிறந்தவர். மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பேராசான், என்று திருச்சபை அறிவித்த முதல் பெண், 1970-இல். அவரே தன் வாழ்க்கையை எழுதும்போது என்ன சொல்கிறார் தெரியுமா? சில வருஷங்கள் செப நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். அவருக்கே அப்படி என்றால், ஷெட்டில் தீனி போடுகிற உங்களுக்கும் நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிச் செபிப்பதிலேயே பாதி நாள் போகிற எனக்கும் என்ன?

என் கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா இறந்த வருஷம், நான் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். பூசை வைத்தேன், மந்திரித்தேன், பிரசங்கம் நன்றாக இருக்கிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். ஒரு நாள் சாயங்காலம், குருக்கள் தினமும் சொல்லும் திருப்புகழ்மாலை செபத்தைச் சொல்லி முடித்துப் புத்தகத்தை மூடும்போதுதான் கவனித்தேன், பக்க அடையாள நாடாவை மாற்றி வைக்காமல் முந்தின நாள் பக்கத்தையே ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சொல்லியிருக்கிறேன். ஒரு வரிகூட ‘நேற்றுதானே இதைச் சொன்னோம்’ என்று என்னைத் தட்டவில்லை. சிரிப்பு வந்தது, பிறகு பயமாக இருந்தது. பங்கு இல்லத்துப் பின்பக்கம் புளியமரத்தடியில் போய் நின்று, “எனக்கு உங்கிட்ட பேசவே பிடிக்கலப்பா” என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்த வருஷத்தில் நான் செய்த முதல் செபம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான். நாலு மணியை விடுங்கள். இரண்டு நவநாளையும் இப்போதைக்கு எடுத்து வையுங்கள். காரணம் உங்களுக்கே தெரிந்த தொழில் விஷயம். ஒருமுறை ஒரு வீட்டில் புது ஷெட் மந்திரிக்கப் போனபோதுதான் நானே பார்த்தேன். இளம்புழு வளர்த்துத் தரும் சாக்கி சென்டரில் இரண்டு முறை தோல் உரித்த புழுவை வாங்கி வருகிறீர்கள், மூன்றாவதும் நான்காவதும் உங்கள் கண்முன் நடக்கிறது. அதுவரை மழை பெய்வதுபோல இலை தின்னும் சத்தம் கேட்ட ஷெட் திடீரென்று அடங்கிவிடுகிறது. புழு தலையைத் தூக்கிக்கொண்டு, அசைவில்லாமல், ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க அப்படியே நிற்கிறது. “செத்துப்போச்சாம்மா?” என்று நான் கேட்டேன். அந்த வீட்டுப் பாட்டி, “சட்டை மாத்துது சாமி, இப்போ இலை போடக்கூடாது” என்றார். சுண்ணாம்புத் தூளைத் தூவினார், காற்று வருகிறதா என்று பார்த்தார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் பயந்துபோய் இலையை அள்ளிக் கொட்டினால் படுக்கை ஈரமாகும், புழு ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாகப் போகும். ஆனால் அந்தப் பாட்டி ஷெட்டுக்கு வருவதை நிறுத்தவும் இல்லை.

நீங்கள் எட்டு மாதமாக இலையை அள்ளிக் கொட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

காலைத் தீனி போட்டு முடித்ததும் ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அதே ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். கை கழுவிவிட்டு, செல்போனை வீட்டிலேயே விட்டுவிட்டு. வீட்டுப் பேச்சில் நேற்று நடந்ததில் ஒன்றைச் சொல்லுங்கள். மருமகள் பேசியது, இலைக்குத் தண்ணீர் பற்றாதது, எதுவானாலும் சரி. இன்று பயமாக இருப்பதில் ஒன்றைச் சொல்லுங்கள். முதல் வாரம் தினமும் யோவான் 11-இல் ஏழெட்டு வசனம் படியுங்கள். மரியா சொன்ன அந்த வாக்கியம் வரும் நாளில், ‘என் சகோதரன்’ என்ற இடத்தில் உங்கள் தம்பி பெயரைப் போட்டு, சத்தமாகச் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அதற்குப் பிறகு எதுவும் பேசாமல் கொஞ்ச நேரம் இருங்கள். அவ்வளவுதான்.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றும் நாள் வரும். அன்று குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம் கூட இருந்துவிட்டு எழுங்கள். இது இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் சொன்ன யோசனை. வறட்சி இருக்கும் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவர் சொன்னதுதான். என்னிடம் வழிகாட்டுதலுக்கு வருகிறவர்களிடம் இவை இரண்டும் எப்போதும் வேலை செய்திருக்கின்றன.

ராத்திரி செபமாலையை விடாதீர்கள். ஐம்பத்து மூன்று மணியும் சொல்ல உடம்பு ஒத்துழைக்காத நாளில் ஒரு பத்து மணி போதும். உங்கள் ஊர்க் கோவிலில் மூவேளை செபத்துக்கு மணி அடிக்கிறார்கள் என்றால், தோட்டத்தில் அறுத்துக்கொண்டிருக்கும்போது அது காதில் விழும்போது அரிவாளை ஒரு கணம் நிறுத்துங்கள். பேச ஒன்றும் இல்லை என்றாலும் பரவாயில்லை. இரண்டு சிநேகிதிகள் திண்ணையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுக்கும்போது எல்லா நேரமும் பேசிக்கொண்டா இருக்கிறார்கள்?

‘அவரும் பேசுவார்’ என்பதைப் பற்றி. இத்தனை வருஷத்தில் என் காதில் ஒரு குரலும் விழுந்ததில்லை. ஒரு வசனம் நாள் முழுக்க உள்ளே சுற்றும். வம்பு செய்த ஆளிடம் போய்ப் பேசிவிடலாம் என்று தோன்றும். இரண்டு மாதமாகக் குழம்பிய விஷயம் திடீரென்று சிக்கல் பிரிந்த மாதிரி ஆகும். எனக்கு அவர் பேசுவது இப்படித்தான். சிலருக்கு வேறு மாதிரி இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் மருந்தை நிறுத்து, பணத்தைக் கொண்டுவா, புருஷன் வீட்டாரிடம் பேசாதே என்று சொல்கிற எந்தக் குரலும், அது யார் வாய் வழியாக வந்தாலும், நண்பனுடையது அல்ல.

கடைசியாக ஒன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரித் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாரக்கணக்கில் எதிலும் ஒட்டவில்லை, ‘நானும் அவன் பின்னால் போய்விட்டால் என்ன’ என்று ஒரு தடவையாவது தோன்றியது என்றால், அது செபத்தால் மட்டும் தீரும் விஷயம் அல்ல. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரத்திலும் காசில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

ஆவணியில் தம்பிக்கு முதல் வருஷ நினைவுப் பூசை வரும். அதற்கு உங்கள் பங்குத்தந்தையிடம் இப்போதே தேதி சொல்லிவிடுங்கள். அடுத்த பேட்ச் புழு வீட்டுக்கு வரும் அன்று கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு ஆரம்பியுங்கள். கூடு அறுத்து தருமபுரி அங்காடிக்குப் போய்வந்த பிறகு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள், கிலோ என்ன விலைக்குப் போனது என்பதையும் சேர்த்து. ஆனால் எனக்கு எழுதுவதற்கு முன்னால் விலையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.